விரல் நுனியில் வைத்த குளிர்

என் வலது ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு மரு முளைத்தது. வேறு யாருக்கென்றாலும் அது பெரிய விஷயமில்லை. நானோ ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டிய கொழுந்தை அள்ளிப் பிசைந்து பதம் சொல்கிறவன். விரல்தான் எனக்குச் சோறு போட்டது.

கண்டி டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்து அம்மா. புகை கக்கும் குடுவைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டெடுத்து மருவில் அழுத்தினார். "உறைய வைக்கிறன். கொப்புளம் வரும், பயப்பிடாதேங்கோ. ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றார். அரை நிமிடத்தில் முடிந்தது. கத்தியில்லை, களிம்பில்லை. இதற்கா இத்தனை பேர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்துக் கிடக்கிறார்கள் என்று அப்போதே சந்தேகம் தட்டியது.

மறுநாள் கொப்புளம் கறுத்துவிட்டது. கொழுந்தை அள்ளினால் விரல் மரத்துக் கிடந்தது. ஈரமா, காய்ந்ததா தெரியவில்லை. பதம் பார்க்க மெஷின் வரப்போகிறது என்று ஆபிசில் கதை வேறு. பயந்துபோனேன். அந்த அம்மா குளிரை எலும்புக்குள் இறக்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். மலையில் பிறந்தவனுக்குக் குளிருக்கு வைத்தியம் சொல்லித்தர வேண்டுமா? தொழிற்சாலை அடுப்பு வாயில் விரலை நீட்டினேன். சுடவில்லை. சுடாததால் இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். தோல் உரிந்த பிறகுதான் கையை இழுத்தேன்.

திரும்ப டாக்டரிடம் போனேன்.

"சூடு ஏதும் காட்டினனீங்களோ?"

"இல்லீங்க டாக்டர்."

விரலை நெடுநேரம் பார்த்தார். பழியை என் தலையில் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப என்ர பிழைதான். கூட நேரம் வச்சிட்டன் போல. உணர்ச்சி திரும்பும், யோசிக்காதேங்கோ. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

விரல் தப்பிய சந்தோஷத்தில் கும்பிட்டுவிட்டு, மருந்து எழுதிய துண்டுச் சீட்டுக்காகத் திரைக்கு வெளியே நின்றேன். அடுத்து உள்ளே போனவள், குதிகால் மருவோடு நாவலப்பிட்டியிலிருந்து லீவு போட்டு வந்த பெண். வாங்கில் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

"போனமுறை ஒருத்தருக்குக் கூடிப்போச்சுது" என்று டாக்டர் அவளிடம் சொல்வது கேட்டது. "உங்களுக்குக் குறைச்சுத்தான் வைக்கிறன். அதால இன்னும் மூண்டு நாலு தரம் வரவேண்டி வரும்."

"அத்தன தரம் லீவு தரமாட்டாங்களே டாக்டர்" என்றாள் அவள்.

திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.