தெயோலிந்தாவின் வெள்ளைச் சுவர்

எங்கள் தெருவில் தெயோலிந்தா அக்காவைப் போல் வெள்ளையடிக்க ஆள் கிடையாது. ஈஸ்டருக்கு ஒரு தரம், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தரம், அடியில் நீலப் பட்டை வேறு. புருஷன் சக்கரியாஸ் மண் இடித்துக் கட்டிய வீடு. அவர் போனபின் அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்று வருடமாகச் சுவர் உரிந்து கிடந்தது. ஆற்றில் கட்டுகிற அணை முடிந்ததும் ஊரே தண்ணீருக்குள் போகப்போகிறது என்று கடிதமும் வந்துவிட்டது.

அப்போதுதான் லிஸ்பனிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஏதோ நாவலைப் படமாக்குகிறார்களாம். டைரக்டர் ஊரெல்லாம் சுற்றி, அக்கா வீட்டு முன்னால் நின்று, "இதுதான். திங்கக்கிழமை வர்றோம்" என்றார். ஏன் இந்த வீடு என்று ஒரு வார்த்தை சொன்னாரா? படித்தவர்களுக்குத் தேவையான நேரத்தில் மட்டும் வாய் திறக்காது.

"வீடு முழுகினாலும் படத்துல நிக்கும்டி," என்றாள் அக்கா. "சக்கரியாஸ் கட்டினது எங்கயும் போகாது."

ஞாயிறன்று அவள் பூசைக்கு வரவில்லை. ஓய்வுநாளில் தைக்க ஊசி தொட்டாலே எங்களை ஏசுகிறவள், ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். வாளி தூக்கிக் கொடுத்தது நான்தான். விருந்தாளி வரும்போது அழுக்குச் சுவரைக் காட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! அந்தச் சுவருக்காகத்தானே வந்தேன்!"

"அழுக்கா கெடந்துச்சேய்யா."

"அழுக்குதாம்மா வேணும்! திரும்ப அழுக்காக்க விடுங்க, இல்லன்னா வேற வீடு பாத்துக்கறோம்."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். சுண்ணாம்பில் விரல்கள் வெடித்திருந்தன. "செய்யுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு பேர் சேறும் கரியும் அள்ளி அப்பினார்கள்.

அடுத்த வருடம் ஊர் முழுகியது. அதற்கும் அடுத்த வருடம் எவோரா நகரத்துத் தியேட்டரில் படம். நானும் அக்காவும் நல்ல துணி உடுத்திப் போனோம். திரை முழுக்க அந்த வீடு. ஆள் இல்லை, பேச்சு இல்லை. கறை வழியும் சுவரையே ஐந்து நிமிடம் காட்டினார்கள்.

பின்னால் ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "சே, இதுல எப்படித்தான் குடியிருந்தாங்களோ!"

அக்கா எழுந்துவிட்டாள். "வெள்ளையடிச்சிருந்தேன்!" என்று கத்தினாள். "ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம அடிச்சிருந்தேன்!"

"உக்காரும்மா, படம் மறைக்குது," என்றார்கள்.

அவள் உட்காரவில்லை.