ஹாயசம்

மகளுக்கு மைசூர் மாப்பிள்ளை அமைந்ததும் நான் கன்னடம் படிக்க ஆரம்பித்தேன். நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. ‘ப’வை ‘ஹ’ ஆக்கினால் கன்னடம் வந்துவிடும் என்று முடிவுகட்டினேன்.

சம்பந்தியம்மா முதன்முறையாகக் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு வந்தபோது, கிண்ணத்தை நீட்டி, “ஹாயசம் சாப்பிடுங்க” என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

“அது அங்கயும் பாயசம்தாம்பா” என்று மகள் என் காதைக் கடித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

சம்பந்தியம்மாவும் எங்களுக்காகத் தமிழ் பழகிக்கொண்டுதான் வந்திருந்தார். அவர் வழி நேரெதிர். ‘ஹ’வையெல்லாம் ‘ப’ ஆக்கிவிடுவார். பையிலிருந்து நெய் மினுக்கும் ஹல்வா டப்பாவை எடுத்துப் பெருமையோடு நீட்டினார்.

“அண்ணா, பல்வா எடுத்துக்குங்க.”

என் மனைவிக்குப் புரையேறியது. நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.