லிஃப்ட்டுக்காரர் ருசி பார்த்த கத்தரிக்காய்

ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்கும் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் லிஃப்ட்டுக்காரரின் பிழைப்பு. அவர் குடியிருக்கும் கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. வீடு நாலாவது மாடியில், அதற்கும் மேலே மொட்டை மாடி. அங்கே இருக்கும் மண்ணும் எருவும் அவர் தோளில்தான் ஏறின. எதற்கு இந்த வம்பு என்று யாராவது கேட்டால், "வீட்டுல ஒருத்தி கேக்குறாளே" என்பார். ஒருத்தி என்றது மனைவியை. அவள் கேட்டது கத்தரிக்காய்.

சாதாரணக் கத்தரிக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கை நிறையும் வெள்ளைக் காய். குட்டிப் பூசணி போல மடிப்பு மடிப்பாக இருக்கும், காம்படியில் பச்சைக் கீற்று ஓடும். தோல் ரொம்ப மெல்லிசு. கூடையில் கொஞ்ச நேரம் உருண்டாலே கறுத்துப்போகும் என்பதால் கடைக்காரர் எவரும் சீந்தமாட்டார்கள். அவள் பெரியம்மா வீட்டு விதை அது, கல்யாணமான வருஷம் கொண்டுவந்தாள். வருஷந்தோறும் முதல் காயைப் பறிக்காமல் பழுக்கவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைப்பது அவர் பொறுப்பு. பெயிண்ட் வாளிகளில் நாற்று நடுவதும் புழு பொறுக்குவதும் அவர்தான். சமைப்பதும் சாப்பிடுவதும் அவள்.

அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் போதும், நாக்கு அரிக்கும், உதடு தடித்துவிடும். அதனால் வளர்த்தவர் வாயில் வைத்ததே இல்லை. "மீன் கடைக்கு ஆட்டைக் காவல் வச்ச மாதிரி. ஒரு பயமும் இல்ல" என்று அவள் கேலி செய்வாள்.

அவள் ஓர் அலுவலகக் கேண்டீனில் சமையல்காரி. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினால் என்ன குறை என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகிற போக்கில் வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று லிஃப்ட்டுக்காரருக்கு எரிச்சலாக வந்தது. கேண்டீனில் அவளைத் தட்டு கழுவும் பக்கம் மாற்றினார்கள். வீட்டில் கைப்பழக்கத்தில் சமைத்தாள், அவர் ருசி பார்த்துச் சொன்னார்.

வினை கத்தரிக்காய் ரூபத்தில் வந்தது. அதற்கு மட்டும் ருசி பார்க்க ஆள் இல்லை. ருசி தெரியாதவள் ஒருத்தி, தின்ன முடியாதவர் ஒருத்தர், இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வருஷத்துப் பறிப்பு ஆரம்பமானது. காயை வட்ட வட்டமாக நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாள். உப்புப் போட்டாள். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து மறுபடியும் உப்புப் போட்டாள். எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். டீச்சரம்மா நல்ல மனுஷி, "பிரமாதம்" என்றார். அவர் கணவருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. படியில் பார்த்தபோது, "என்னம்மா, கடல் தண்ணியில வேக வச்சீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாளைக்கு அந்தச் செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"எதைத் தின்னாலும் எனக்கு ஈரத் துணிய மெல்லுற மாதிரிதான் இருக்கு. யாருக்காக இத்தனை படி ஏறுறீங்க?"

"விதைக்காயாச்சும் இருக்கட்டுமே."

"அதுவும் வேணாம்."

செடி போனால் போகட்டும். ஆசையாகக் கேட்ட ஒன்றையே வேண்டாம் என்கிறவள், நாளைக்கு எதைத்தான் வேண்டும் என்பாள்? அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செடியைப் பிடுங்கத்தான் மாடி ஏறினார். கை வரவில்லை. நாலு காயைப் பறித்துக்கொண்டு இறங்கி வந்து, தானே அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு துண்டு தடிமனாக, ஒரு துண்டு தாள் மாதிரி மெல்லிசாக நறுக்கி வதக்கினார். தட்டை அவள் முன்னால் வைத்தார். ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, என்ன பண்றீங்க! துப்புங்க!"

"இரு. நீ சாப்பிடு, எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்." மென்றார். "நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? லிஃப்ட் ரிப்பேருன்னு மொட்டையா சொன்னா உங்களுக்குப் போதுமா? எங்க, என்னன்னு சொல்ல வேணாமா?"

நியாயம்தான். மோட்டார் சத்தம் கேட்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி. ஓரம் மொறுமொறுன்னு இருக்கு. நடுவுல மெல்லவே வேணாம், தானா கரையுது. பூண்டு கருகல."

அவளும் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"இனிக்குதா?"

"முதல்ல இனிக்குது. அப்புறம்..."

நாக்கு அரிக்க ஆரம்பித்திருந்தது. மழுப்பிவிடலாமா என்று பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் பொய் எழும்பவில்லை.

"கடைசியில லேசா கசக்குது."

அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். மென்று விழுங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"வெயில் ஏறிடுச்சுல்ல. கசக்குதுன்னா செடிக்குத் தண்ணி பத்தல," என்றாள். "காலையில மட்டும் ஊத்துனா போதாது. இனிமே சாயங்காலமும் ஊத்துங்க."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். உதடு வீங்கிப்போய் வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.