சனிக்கிழமைக் கோட்டு

பம்பாய் போக வழி கேட்டு எழுதுகிறீர்கள். நான் போனது ஒரே ஒரு தடவை, 1966 டிசம்பரில். அப்போது எனக்கு இருபது வயது. போன காரணத்தை மறைக்க இனி என்ன இருக்கிறது? செல்லையா அத்தானைப் பார்க்கத்தான். எனக்கென்று பேசி வைத்திருந்த மாமன் மகன். நான்கு வருடமாகத் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. கல்யாணத் தேதி கேட்டால் மட்டும் பதில் கடிதம் வராது. பொறுத்துப் பார்த்த அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் ஒரு ராத்திரி. அங்கிருந்து தாதர் ஒன்றரை நாள். தாதரில் லோக்கல் பிடித்தால் மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன். ஏறுவதற்குள் உயிர் போய்விடும். மாட்டுங்காவில் அண்ணனின் சிநேகிதர் வீட்டில் தங்கினோம். அங்கிருந்து தாராவி நடந்தே அரை மணி நேரம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தான் வந்தார். நீலக் கோட்டு, கைக்கடிகாரம், பளபளவென்று பூட்ஸ். அடேயப்பா! கோட்டின் கை மட்டும் விரல்வரை தொங்கியது. டாக்சி வைத்து, பேண்டு வாசிக்கும் ஒரு சர்ச்கேட் ஓட்டலுக்கு எங்களைக் கூட்டிப்போனார். மூன்று பேருக்குக் காப்பியும் கட்லெட்டும் ஏழு ரூபாய். அத்தான் பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள் என்று கையசைத்தார். பேண்டுக்காரருக்குத் தனியாக ஐந்து ரூபாய். பக்கத்து மேசையில், "க்யா ஷான் மார்தா ஹை!" என்று சிரித்தார்கள்.

"அப்படின்னா என்ன அத்தான்?"

"நம்மூர்ல பவுசு காட்டுததும்போம்லா, அதான் புள்ள." அவருக்கு ஒரே பூரிப்பு. "நான் எப்படி இருக்கேன்?"

"இந்தக் கோட்டுல ராசா மாதிரி இருக்கீய" என்றேன். அந்த வயதில் வேறென்ன சொல்லத் தெரியும்!

மறுநாள் தாராவியில் அவர் அறைக்குப் போனோம். அத்தான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அறைக்கூட்டாளி துரைராஜ் அதே கோட்டைப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து பேரு சேந்து வாங்குனது தங்கச்சி. வாரம் ஒருத்தன் மாட்டிக்கிட்டு ஷான் அடிக்கப் போவோம். ஒரு நாளு சேட்டா இருந்துட்டு வந்தா, மத்த நாளு தோல் நாத்தம் தெரியாது. நேத்து என் முறை. நீ வாரேன்னு செல்லையா கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போனான்."

அப்போது அத்தான் குடத்தோடு உள்ளே வந்தார். கிழிந்த பனியன், சாயம் ஏறிப் பழுத்த கைகள். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு. நேற்றைவிட இன்றைக்குத்தான் உங்களைப் பிடிக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறானே! விழுங்கிவிட்டேன்.

ஊருக்குத் திரும்ப எங்களை ரயிலேற்ற வந்த அத்தான் தாதர் பிளாட்பாரத்தில் சொன்னார்: "சொந்தமா ஒரு கோட்டு தச்சுட்டுத்தான் ஊருக்கு வருவேன் புள்ள. அதப் போட்டுக்கிட்டுதான் தாலி கட்டுவேன்." பாவி நான், சரியென்று தலையாட்டினேன். மூன்று வருடம் காத்திருந்தேன். பிறகு வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் சாயக் கைகளை நினைக்காமல் ஒரு வருடம்கூடப் போனதில்லை.

நீங்கள் போனால் காலை எட்டிலிருந்து பத்துவரை லோக்கலில் ஏறாதீர்கள். தாராவிக்கு நல்ல செருப்புப் போட்டு நடந்து போங்கள். யாரையாவது பார்க்கப் போகிறீர்களென்றால், சொல்ல வேண்டியதை ரயில் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள்.

என் கல்யாணத்துக்கு அத்தான் வந்தார். புது நீலக் கோட்டு. அளவெடுத்துத் தைத்தது, கை கச்சிதமாக இருந்தது.

"எப்படி இருக்கு புள்ள?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்றேன்.