ஆறுமுன் திறந்த அச்சு

லூர்துமேரியின் வலது கண்ணைப் பறித்தவன் நான். காரணம் அவளுடைய கவனக்குறைவு அல்ல, நான்!

இத்தனை ஆண்டுகளாக வேறு கதை சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தாலும் நம்பியிருப்பீர்கள். அவ்வளவு நன்றாகப் பொய் சொல்வேன்.

எண்பதுகளில், ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த காலம். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். சரக்கு அடுக்கும் பெரும் பலகைகள் செய்தோம். உருகிய பிளாஸ்டிக்கில் வாயுவைக் கலந்து அச்சுக்குள் பொங்கவிடுவோம். வெளியே கெட்டித் தோல். உள்ளே பன் ரொட்டியைப் போல நுரை. அந்த நுரை சூட்டை எளிதில் விடாது. பொறுமையாக ஆறவைத்துத்தான் அச்சைத் திறக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே... அது நான்தான்!

கூடுதல் பலகைகளைக் காட்டி முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். ஆறும் நேரத்தைக் குறைத்தேன். வெளியே எடுத்த பிறகும் உள்ளே வாயு பொங்கியது. பலகையின் மேல் கொப்புளம் கிளம்பியது. கொப்புளம் இருந்தால் கழித்துவிடுவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டேன். கோணி ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, கட்டையால் அழுத்திவிடுவது. என் மூளையை என்னவென்று சொல்ல!

பலகை ஓரத்துப் பிசிறைச் சீவுவதும் கொப்புளம் குத்துவதும் லூர்துமேரியின் வேலை. அவள் கணவன் சேசுராஜ் அதே மெஷினில் ஆபரேட்டர். மாரண்டஹள்ளியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

அன்றைய கொப்புளம் பெரிது. ஊசியோடு தயங்கினாள்.

"சார், இன்னும் கொதிக்குதுங்க. கொஞ்சம் ஆறட்டுங்க."

"இதென்ன உங்க வூட்டு அடுப்பா, ஆற அமரப் பாக்க? குத்தும்மா!"

குத்தினாள். அடைபட்டிருந்த வாயு, உருகிய பிளாஸ்டிக்கை அவள் முகத்தில் பீச்சியடித்தது. அந்த அலறல்... வேண்டாம். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

முதலாளி விசாரித்தார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேங்க. அவங்களாத்தான் குத்திட்டாங்க" என்றேன். வாய் கூசவில்லை!

அவர் சேசுராஜைப் பார்த்தார். சேசுராஜ் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க."

அவளை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு? இரக்கமா? அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயமா? பயம்தான்... இரு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்தது. நான் வந்து நின்றதை அவள் அறியவில்லை. சேசுராஜும் சொல்லவில்லை.

"ஏங்க, சார்தான் குத்தச் சொன்னாருன்னு மொதலாளிகிட்ட சொன்னீங்களா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லிட்டேன் மேரி."

"அப்ப சரிங்க. தப்பு எம்மேல இல்லைன்னு தெரிஞ்சா, கட்டுப் பிரிச்சதும் வேலைக்குக் கூப்புடுவாங்கல்லங்க?"

"கூப்புடுவாங்க."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாமே! திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியேறினேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏற மட்டும் இன்னும் துணிவு வரவில்லை...