கல்குடாவில் ஒரு புதுத் தாச்சி

சனிக்கிழமை காலை வெல்லாவெளியில் மட்டக்களப்பு பஸ் ஏறும்போது என் தோள்பையில் மகளுக்கான இடியப்பப் பெட்டி, இரண்டு வகைக் குளிசை, ஒரு பாணி மருந்து எல்லாம் இருந்தன. ஆதினிக்கு ஐந்து வயது. இறால், நண்டு, மட்டி எதுவும் அவளுக்கு ஆகாது. போன வருடம் ஒரு கலியாண வீட்டில், நண்டுக் குழம்புக் கரண்டி பட்ட பருப்பைத் தின்று உதடு வீங்கி, அவளுக்கு மூச்சு இழுக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதன்பிறகு வெளியில் என் பெட்டியைத் தவிர வேறெதையும் அவள் தின்றதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையோடு இரண்டு நாளும் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றுவது புத்தியா என்று பஸ் புறப்படும்வரை யோசித்தேன். புறப்பட்ட பிறகும் யோசித்தேன்.

திட்டம் ஜெனிற்றாவுடையது. அவளும் தர்ஷினியும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஜெனிற்றா மட்டக்களப்பு நகரத்துக்காரி, வங்கியில் வேலை. தர்ஷினி வாழைச்சேனையில் ஆசிரியை. கொழும்புக்குப் போய்த்தான் நல்ல சீனச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று நான் ஒருநாள் வாட்ஸ்அப்பில் எழுதப்போக, ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொழும்பு ஏன் புள்ள? மூண்டு நாட்டுச் சாப்பாடு எங்கட வாவிக்கரையிலயே இரிக்கு. வா, காட்டுறன்” என்று குரல்பதிவு அனுப்பினாள். சனி மதியம் புளியந்தீவில் சீனம், மாலை கல்லடியில் தாய்லாந்து, ஞாயிறு மதியம் கல்குடாவில் கொரியா. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல்பதிவை ஆதினி கேட்டுவிட்டாள். குச்சியால் நூடில்ஸ் சாப்பிடும் பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரே ஆசை. “நானும் கடைச் சாப்பாடு சாப்பிடுவன்” என்று மூன்று நாள் சொன்னாள். முடியும் என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை.

ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் பயணம். வயல் வட்டைகளில் சிறுபோகப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பட்டிருப்புப் பாலத்தில் வாவிக் காற்று அடித்ததும் ஆதினி எழுந்து நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வைகாசி மாதம். வழியெங்கும் கண்ணகி அம்மன் கோயில்களில் ஆண்டுக்கொருமுறை கதவு திறந்து சடங்கு நடக்கும் காலம். பல ஊர்களில் வீட்டுக்கு வீடு மச்சம் விட்டுச் சைவமாய் இருந்தார்கள். களுவாஞ்சிகுடிச் சந்தியில் மீன் விற்பவர் வாங்க ஆளில்லாமல் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

நகரத்தில் ஜெனிற்றா எங்களோடு சேர்ந்துகொண்டாள். புளியந்தீவுக் கடை வாவியைப் பார்த்தபடி இருந்தது. அங்கே வந்த ஹொட் பட்டர் கணவாயைப் பற்றி நான் குறைவாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளநீர் வழுக்கை போல ஒரு மென்மை. கொழும்பில் இதைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்தும் இப்படிச் சாப்பிட்டதில்லை. ஆனால் மேசையில் முதலில் வந்து உட்கார்ந்தது இலவச இறால் பொரியல். ஜெனிற்றா அதை அப்படியே தூக்கி அடுத்த மேசையில் வைத்தாள்.

“இறால் போடாம ரைஸ் தரலாம் அக்கா” என்றார் பரிமாறுபவர்.

“வேற தாச்சிச் சட்டியில செய்வீங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒரே தாச்சிதான். கழுவித்தான் போடுவம்.”

ஆதினி இடியப்பம் சாப்பிட்டாள். எங்கள் சோற்றுக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

மாலையில் கல்லடிப் பாலத்தை நடந்தே கடந்தோம். வெயில் இறங்கி வாவி செம்பு நிறமாகியிருந்தது. தோணிகள் வலை இழுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தன. தாய்லாந்துக் கடையின் சூப், புளிப்பும் உறைப்பும் தேசிக்காய் இலை வாசமுமாய் மூக்கைத் திறந்துவிட்டது. ஆனால் அதன் அடித்தளமே இறால் கூழ். மகளைப் பற்றிச் சொன்னதும் அங்கிருந்த பெண்மணி சிரித்தார். “கிரந்தி வருத்தந்தானே தங்கச்சி? கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினாச் சரியாப் போயிரும்.” எத்தனை வாயால் இதைக் கேட்டுவிட்டேன். நான் வழக்கம்போல, ஏதோ அவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல், “ஓம் அக்கா, டொக்டர் வேணாமெண்டுட்டார்” என்றேன். ஆதினிக்கு நான் கட்டிக்கொண்டு வந்த பாணும் வாழைப்பழமும். இந்தமுறை அவள் எங்கள் கோப்பைகளைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று ஜெனிற்றாவிடம் சொன்னேன்.

“சும்மா கிட கா” என்றாள் அவள். “நாளைக்கு நான் முதல்லயே போன் அடிச்சுச் சொல்லுறன்.”

இரவு ஜெனிற்றா வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை வாழைச்சேனை பஸ்ஸில் இருந்தபடியே அவள் கல்குடாக் கடைக்கு அழைத்தாள். பஸ் இரைச்சலில் கத்தினாள். “ஒரு சின்னப் புள்ள வருது. இறால், நண்டு, மட்டி ஒண்டும் படக் கூடாது. அது சமைச்ச தாச்சி, கரண்டி ஒண்டும் கூடாது. விளங்கிச்சா?” மறுமுனையில் என்ன சொன்னார்களோ, “ஓம், ஓம், அப்பிடித்தான்” என்று வைத்துவிட்டாள். வாழைச்சேனையில் தர்ஷினி எங்களுக்காக ஓட்டோ பிடித்து வைத்திருந்தாள். கல்குடாவரை ஐந்து கிலோமீற்றர், ஐந்நூறு ரூபாய்.

கடை, படகுகள் இழுத்துவிட்டிருந்த மணலுக்குச் சற்று உள்ளே. ஐந்து மேசை. உரிமையாளர் குகன் அண்ணன் ஏழு வருடம் கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்தவர். சமையல் அவரும் மனைவி நாகேஸ்வரி அக்காவும். நாங்கள் போனபோது குசினித் தரை கழுவி ஈரமாயிருந்தது. தனி அடுப்பில் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்காத புதுத் தாச்சி. நாகேஸ்வரி அக்கா முழுகி, ஈரத் தலையோடு நின்றார். ஆதினிக்கு முன்னால் ஒரு வாழையிலை. அதில் கண்ணாடி போன்ற நூடில்ஸ், கரட், கீரை, காளான். பக்கத்தில் கடல்பாசித் தாளில் சோறும் மரக்கறியும் சுருட்டி வட்டம் வட்டமாக வெட்டிய துண்டுகள். இரண்டு குச்சிகள்.

“கிம்ச்சி ஊறுகாயை மட்டும் புள்ளைக்கு வெக்கல்ல. அதில இறால் உப்பு இரிக்கு” என்றார் குகன் அண்ணன்.

இவ்வளவு கவனத்தை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. நாகேஸ்வரி அக்கா ஆதினியின் தலையைத் தடவினார். “இந்த வயசில கண்ணகி அம்மாளுக்கு விரதம் பிடிக்கிறாளே! எந்தக் கோயில் மகள்?”

அடுப்பில் ஏதோ பொங்க, பதிலுக்கு நிற்காமல் அவர் குசினிக்குள் ஓடினார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கதவு திறந்திருக்கும் மாதத்தில், மச்சம் பட்ட தாச்சி கூடாது என்று ஒருவர் சொன்னால் இந்தப் பக்கத்தில் அதற்கு வேறென்ன பொருள்?

தர்ஷினி என் காதுக்குள் சொன்னாள்: “வாயத் திறக்காத. விரதமெண்டாத் தாச்சி வாங்குவாங்க. வருத்தமெண்டாக் கரண்டியக் கழுவுவாங்க.”

உண்மைதான். பேசாமல் இருந்தால் எல்லாம் பத்திரம். ஆனால் அம்மாளின் பேரில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பிள்ளையைச் சாப்பிட வைப்பதா? சொல்லிவிட்டால் அவர்கள் முகம் எப்படி மாறும்? ஆதினி குச்சியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அம்மா, எனக்கு விரதமா?”

“இல்ல அண்ணன்” என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “விரதமில்ல. மகளுக்கு வருத்தம். இறால், நண்டு துளி பட்டாலும் மூச்சு நிண்டு போகும். பிழையா விளங்கிற்று. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

குகன் அண்ணன் குனிந்து, வாழையிலையிலிருந்த பாசிச் சுருள்களை ஒன்று விடாமல் எடுத்தார். நூடில்ஸோடு இலையையும் எடுத்தார். எனக்கு முகம் எரிந்தது. தாச்சியும் போயிற்று, சாப்பாடும் போயிற்று என்று நினைத்தேன்.

“நான் கொரியாவில இந்தப் பாசித் தாள் செய்யிற கொம்பனியிலதான் நிண்டன்” என்றார். “கடல்ல இருந்து பாசி வரக்குள்ள இறால் குஞ்சு, நண்டுக் குஞ்செல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கழுவுவம், எண்டாலும் முழுக்கப் போகாது. விரதக்காரர் அதப் பாக்கிறல்ல, பாசி சைவந்தானே. இந்தப் புள்ளைக்கு அது ஒண்ணாது.” குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். “நாகேஸ், விரதமில்லையாம்! முட்டை சாப்பிடுமா மகள்?”

“முட்டை எனக்கு விருப்பம்” என்றாள் ஆதினி.

புதுத் தாச்சியில் முட்டை மெல்லிய தாள் போலப் பரவியது. சோறும் கரட்டும் கீரையும் அதற்குள் சுருண்டன. மஞ்சள் வட்டங்கள் புது இலையில் வந்து இறங்கின. எங்களுக்காக வைத்திருந்த பாசிச் சுருள் தட்டை ஜெனிற்றா திருப்பிக் கொடுத்தாள்.

“எங்களுக்கும் அதையே போடுங்க அண்ணன்.”

“இறால் வறுவல் சொன்னீங்களே?”

“அத இன்னொருநாள் வந்து தின்னுறம்.”

நால்வருக்கும் ஒரே சாப்பாடு. ஆதினி என் கோப்பையைப் பார்த்தாள், தர்ஷினியுடையதைப் பார்த்தாள், தன் இலையைப் பார்த்தாள். குச்சி வழுக்கி முதல் வட்டம் மடியில் விழுந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் சாப்பிடவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது குகன் அண்ணன் கதவடியில் வான் வண்டியின் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். “வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குச் சுறுக்காக் கொண்டு போயிருவன். நீங்க சாப்பிடுங்க தங்கச்சி” என்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஆதினி இன்னும் இரண்டு கேட்டதும் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன். முட்டையின் ஓரத்தில் நல்லெண்ணெய் வாசம். மூன்று கடையிலும் அதுதான் சிறந்தது என்று எழுதினால் மகளால்தான் அப்படிச் சொல்கிறேன் என்பீர்கள். இருக்கலாம்.

மாலை பஸ்ஸில் ஏறாவூர் தாண்டியதும் ஆதினி மடியில் தூங்கிவிட்டாள். எங்கள் ஊரில் அடுத்த கிழமை ஒரு கலியாணம். கலியாண வீடுகளில் நான் பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், பந்தியில் ஓரமாக உட்கார்ந்து, யாரும் கேட்காவிட்டால் நல்லது என்று இருப்பவள். ஜெனிற்றாவின் தோளில் சாய்ந்தபடி பெண் வீட்டு மச்சாளுக்கு அழைத்தேன்.

“மச்சாள், மகளுக்கு இறாலும் நண்டும் வருத்தம் தரும். நீங்க மச்சம் ஆக்க முதல் மகளின்ட பங்கச் சமைச்செடுக்க நான் குசினிக்கு வாறன்” என்றேன். மன்னிச்சுக்கொள்ளுங்க என்று சொல்லவில்லை.