சின்ன நாற்காலியில் பதினோரு நாள்

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவருடைய மேலதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இவர் சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன். இவரை மாதிரி ஒரு தைரியசாலியை நான் பார்த்ததே இல்ல" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவது போல் நடித்துச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்த மகள் என் தொடையில் கிள்ளினாள். மேடையில் அவர் பூங்கொத்தைக் கேடயம் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். நாலு வரி பேசுவதற்காக மூன்று நாள் ஒத்திகை பார்த்தவர், "எல்லாருக்கும் நன்றி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அவர் பயந்தாங்கொள்ளி. ஊரறிந்த விஷயம். ஆனால் அதை ஒரு குறையாகச் சொல்வதை நான் விட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஏன் விட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பிறக்கும்போதே அப்படித்தானாம். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கதவை டமால்னு சாத்தினா தொட்டில்ல கிடக்கிறவன் வெலவெலத்துப் போவான். புது ஆள் தூக்கினா மூச்சு அடங்கற அளவுக்கு அழுவான். முடிவெட்டக் கூட்டிட்டுப் போனா, எங்களைத் தூரத்துல பார்த்ததுமே கடைக்காரர் ஷட்டரை இறக்கிடுவார்." நாத்தனாரோ யார் கை நீட்டினாலும் தாவிவிடுகிற குழந்தையாம். அந்த அக்காவைத் தேடிப் பிடிப்பதே அவர்கள் அம்மாவுக்குப் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இரண்டு விதம்.

நான் நாத்தனார் ரகம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்களை முதல் நாளே நடுரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். "பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா கிளச் தானா வரும்" என்பது என் கொள்கை. பாதிப் பேருக்கு வந்தது. மீதிப் பேர் இரண்டாம் நாள் வரவில்லை.

கல்யாணமான புதிதில் என் காரில் ஏறியவர் நேராகப் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். "முன்னாடி வாங்களேன்" என்றேன். "முன்னாடி உட்கார்ந்தா எல்லாம் தெரியும். பயமா இருக்கும்" என்றார். சரியான தொடைநடுங்கியாக இருக்கிறீர்களே என்று கிண்டல் செய்தால் "ஆமா" என்பார். அதற்குமேல் ஒரு மனிதரை எப்படிச் சீண்டுவது? இப்படிப்பட்டவர் எதற்கு லிஃப்ட் வேலைக்கு வந்தாராம்? "எனக்கு லிஃப்ட்ல போகப் பயம். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டா குறையும்னு நினைச்சேன். குறையல. ஆனா வேலை கிடைச்சுடுச்சு."

அவர் மறந்து விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். புதுக் கட்டடம், லிஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு எடைக்கட்டிகளை முதலில் கால்வாசி ஏற்றி மேலும் கீழும் ஓட்டினார். நிறுத்தினார். பிரேக்கில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பாதி. மறுபடி அதே மாதிரி. பிறகுதான் முழு எடை. எல்லாம் முடிந்ததும், வேறு யாரையும் விடாமல், முதலில் தானே தனியாக ஏறி உச்சி மாடி வரைக்கும் போய்விட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கு. அதனாலதான் மூணு தடவை பார்த்தேன்" என்றார். எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மகள் பிறந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். மூக்கு முழியைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது, குணத்தையும் சேர்த்துத்தான் உரித்திருந்தாள். விருந்தாளி வந்தால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். பலூன் என்றால் அலறல். நான் அசரவில்லை. எத்தனை பேருக்கு வண்டி பழக்கியிருக்கிறேன், இவளைப் பழக்கமாட்டேனா என்று இருந்தேன்.

நாலு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாள் வகுப்பு வாசலில் உடும்புப் பிடியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற அம்மாக்கள் யோசனை சொன்னார்கள். "சொல்லாம நழுவிடுங்க. பத்து நிமிஷம் அழும், அப்புறம் மறந்துடும்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "அம்மா பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன் பாப்பா, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்க கேட் வழியாக வெளியே போய்விட்டேன். சாமர்த்தியமாகக் காரியத்தை முடித்துவிட்டதாக வழியெல்லாம் எனக்கு நினைப்பு.

மதியம் போனபோது டீச்சரின் முகம் சரியில்லை. "அழுதாளா மிஸ்?" என்றேன். "அழக்கூட இல்லைங்க. ஒரு வாய் சாப்பிடல. நீங்க போன கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்கல." கவுன் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து என்னை அவள் கண்ணை விட்டு விலக விடவில்லை. நான் குளித்தால் குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். சமையலறைக் குழாயைத் திறக்கப் போனால், "தண்ணிக்குப் போகாதம்மா" என்பாள். பள்ளிக்கூட வாசலில் காரைவிட்டு இறங்க மாட்டாள். தலைகீழாக நின்று பார்த்தேன், நடக்கவில்லை. நாலாம் நாள் தலைமையாசிரியை, இந்த மாதக் கடைசிக்குள் குழந்தை வகுப்பில் உட்காராவிட்டால் காத்திருக்கிற வேறு பிள்ளைக்கு இடத்தைக் கொடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். இடம் போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். என் குழந்தை என் வார்த்தையை நம்பாமல் போய்விட்டாளே, அதற்கு நான் யாரிடம் போய் நிற்பது?

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டுவதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன். "எல்லாம் உங்க ரத்தம்! நீங்க கொடுத்த பயம்தான் இது!"

அவர் கோபப்படவில்லை. "ஆமா, என்னோடதுதான்" என்றார். பிறகு, "நீ பொய் சொன்னதை அவகிட்ட ஒத்துக்க" என்றார்.

"நாலு வயசுக் குழந்தைகிட்டயா?"

"பொய்யை அவகிட்டதான சொன்ன?"

குழந்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு அம்மா தண்ணி பிடிக்கப் போகல பாப்பா. பொய் சொல்லிட்டுப் போயிட்டேன். அம்மா பண்ணது தப்பு." அவள் பொம்மையின் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "தெரியும்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவர் லீவு போட்டார். புது மனிதர்களிடம் பேச வராது என்பதால், கேட்கவேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்த் தலைமையாசிரியைக்கு முன்னால் நின்று படித்தாராம். குழந்தைக்குப் பக்கத்தில் தானும் வகுப்பில் உட்கார அனுமதி வேண்டும் என்று. அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சம்மதித்திருக்கிறார்.

ஆறடி மனிதர் முழங்கால் மோவாயில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாண்டு, "நீங்க ஃபெயிலாயிட்டீங்களா?" என்று கேட்டதாம். இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் நாற்காலியை ஒரு கை தூரம் தள்ளிப் போட்டார். ஐந்தாம் நாள் கதவோரம். ஒவ்வொரு நாளும் காலையிலேயே, "இன்னைக்கு அப்பா இந்த இடத்துல இருப்பேன்" என்று அவளிடம் காட்டிவிடுவார். சொன்ன இடத்தைவிட்டு அசையமாட்டார். ஒருநாள் வயிறு கலக்கியும் இடைவேளை மணி அடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். வீட்டுக்கு வந்துதான் சொன்னார்.

ஆறாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்றேன்.

"முழு எடையையும் ஒரே தடவையில ஏத்தினா பிரேக் தாங்காது. நீ ஒரு தடவை ஏத்திட்ட. அதனால இப்ப இன்னும் மெதுவாப் போகணும்." குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. ஏதோ வேலையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஏழாம் நாள் வராந்தாவில், ஜன்னல் வழியாகத் தெரிகிற இடத்தில். ஒன்பதாம் நாள் கேட்டுக்குப் பக்கத்தில். பத்தாம் நாள், எதிர்ச் சாரியில் இருக்கும் பேப்பர் கடை வாசலில். "உனக்குத் தெரியமாட்டேன். ஆனா இருப்பேன்" என்று சொல்லியிருந்தார். இடைவேளையில் அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்து, இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனாள். பதினோராம் நாள் நிஜமாகவே ஒரு மணி நேரம் போய்விட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். அவள் அழவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. கூட்டம் நெருக்கினாலும் சீட்டை மூன்று தடவை படிக்காமல் மாத்திரையைக் கொடுக்கமாட்டாள். பலூன் வெடித்தால் இன்றும் காதைப் பொத்திக்கொள்வாள். பயம் எங்கும் போய்விடவில்லை, அப்பாவிடமிருந்ததும் போகவில்லை. அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது பன்னிரண்டாம் நாளைப் பற்றி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உடனே வரவேண்டும் என்று அவருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். குழந்தையை நான்தான் கொண்டுபோய் விடவேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க போறேன்னு சொல்லு. எப்ப வருவேன்னு சொல்லு. அவ உள்ள போற வரைக்கும் நில்லு" என்றார்.

வகுப்பு வாசலில் மண்டி போட்டேன். "அம்மா இப்போ போகப்போறேன் பாப்பா. ரெண்டு பேருக்கு வண்டி கத்துக்குடுக்கணும். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும்போது இந்தத் தூண்கிட்ட நிப்பேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "தண்ணி பிடிக்கப் போவியா?"

"மாட்டேன். பாட்டில் நிரம்பித்தான் இருக்கு, பாரு."

பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் ஆளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கண் கைக்கடிகாரத்துக்கே போய்ப் போய் வந்தது. டயர் பஞ்சரானால்? ரோட்டை மறித்துவிட்டால்? பன்னிரண்டரைக்கு நான் அங்கே இல்லாமல் போனால், மறுபடி ஒருமுறை அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? எனக்கு உள்ளங்கை வியர்த்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்து ஸ்டீயரிங்கைத் திருத்தப் போன கை வழுக்கியது. முதல் ஆளைப் பாதியில் இறக்கிவிட்டேன், இரண்டாவது ஆளை நாளைக்கு வரச் சொன்னேன். பள்ளிக்கூடத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது மணி பத்து.

இரண்டரை மணி நேரம் நின்றேன். கால் கடுத்தது. உட்காரப் பயம், உட்கார்ந்தால் தூண் மறைத்துவிடுமோ என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதர் தினமும் இப்படித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். நான் ஒரு காலைப்பொழுதைத் தள்ள முடியாமல் திண்டாடுகிறேன். அவர் இதே வியர்த்த கையோடு, முதல் ஆளாக லிஃப்டில் ஏறுகிறார். இதே பயத்தோடு முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். நான் உடைத்துவிட்டு வந்ததைச் சரிசெய்வதற்காக உட்கார்ந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்குப் பயமே தெரியாது என்று வாய்க்கு வாய் பீற்றிக்கொண்டிருந்தேனே, என்னிடம் இருந்தது தைரியமே இல்லை, எதையும் யோசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். தூணில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவரை எனக்குக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொன்னேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஏழாவதாக வந்தாள். தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். நானும் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன்.

அடங்கியதும் கேட்டாள். "எப்பம்மா வந்த?"

இப்பதான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"பத்து மணிக்கே வந்துட்டேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுடி. லேட்டாயிடுமோன்னு ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவள் என் கன்னத்தைத் தன் கையால் துடைத்துவிட்டாள். "முதல் நாள் அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் லேட்டா, விளையாட்டு பீரியட் முடிஞ்சதும் வா. அதுக்கு அடுத்த நாள் மணி அடிக்கும்போது வந்தாப் போதும்."